கண்ணைப் படம் பிடிக்க வந்த வண்டி

செங்கற்பட்டு ஜில்லாவிலே பிறந்தவர்களுக்கு மதுராந்தகம் ஏரியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கும்பினி ஆட்சிக் காலத்தில், லயனல் பிளேஸ் என்னும் துரை இந்தப் பக்கத்துக்குக் கலெக்டராக இருந்தார். அடைமழைக் காலம், ஏரி நிரம்பித் தளும்பிற்று. கரை உடைந்துதான் போகும் என்று எண்ணிக் கலெக்டர் துரை இரவில் கரைமீது சென்று பார்த்தாராம். அங்கே வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் காவல் புரிவதைக் கண்டாராம். கரை உடையவில்லை. அதனால்தான் மதுராந்தகத்து ராமனுக்கு 'ஏரி காத்த ராமர்' என்ற திருநாமம் வழங்குவதாக ஐதிகம்.

ராமபிரானுக்கு ஓர் ஏரியைக் காக்கத்தான் அவகாசம் இருந்தது போலும்! ஜில்லாவிலுள்ள மற்ற ஏரிகளைக் காத்து வந்தவர்கள் கிராமத்து நீர்க்கட்டிகள். கரை உடைந்த பிறகு தண்டோராப் போடுவதற்குச் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். நீர்க்கட்டியின் கெட்டிக்காரத்தனமெல்லாம் உடைவதற்கு முன்னால் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. கரையின் பின்புறச் சரிவில் ஓரிடத்தில் மட்டும் புல் ஈரமாயிருக்கும். ஒரு நண்டு வளையிலிருந்து கலங்கலாக நீர் கசியும். வழியே போகிறவனுக்கு ஏரி கம்பீரமாகவே காட்சி அளிக்கும். நீர்க்கட்டி மட்டும் மண்வெட்டியை எடுத்துக் கொண்டு ஓடுவான்.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக் கொண்ட விஷயம் ஏரி அல்ல, நீரிழிவு. ஆனால் நீரிழிவு வியாதி மனிதனுடைய கண்ணுக்குள் செய்கிற காரியம் ஏரிக் கரையில் கசிவு காணும் காரியத்தைப் போன்றதே.

* * *

நீரிழிவு நம் தேசத்துக்குப் புதிய வியாதி அல்ல. இனிக்கும் சிறுநீரைப் பற்றியும், அதை எறும்பு மொய்ப்பதைப் பற்றியும் நம் பழைய வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். மதுமேகம் என்று பெயரும் வைத்தார்கள். புதியது என்னவென்றால், அதன் பரவல்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசம் முழுவதும் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023ஆம் வருஷம் வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் இதைப் பணக்காரர் வியாதி என்று சொல்லி ஏழைகள் ஆறுதல் அடைந்தார்கள். அந்த ஆறுதலும் இப்போது இல்லை. நாற்று நடுகிற கையும், உப்பளத்தில் வாருகிற கையும் இன்று சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகின்றன.

ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் தாகம் எடுக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிகிறது, களைப்பு உண்டாகிறது என்பதெல்லாம் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த வியாதியின் உண்மையான கொடுமை அதிலே இல்லை. வருஷக்கணக்காக அதிகச் சர்க்கரையில் ஊறுகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளுக்குள்ளே இற்றுப் போகின்றன. மயிரிழையினும் நுண்ணிய குழாய்கள் எங்கெங்கே மிகுதியாக உண்டோ அங்கெல்லாம் சேதம் விளைகிறது. கண்ணின் பின்புறத்து விழித்திரை, சிறுநீரகம், நரம்புகள் ஆகிய மூன்றும் முக்கியமான இடங்கள். பெரிய குழாய்களும் தப்புவதில்லை. இருதயத்துக்கும் காலுக்கும் ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் அடைபடுகின்றன.

இவ்வளவும் சத்தமில்லாமல் நடக்கிறது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. நோயாளி தினசரிப் பத்திரிகையைச் சௌகரியமாய்ப் படித்துக் கொண்டிருக்கிறார். விழித்திரையிலோ ரத்தம் கசிந்து கொண்டிருக்கிறது!

* * *

விழித்திரையில் முதலில் தோன்றுவது சிறுசிறு சிவப்புப் புள்ளிகள். பழைய ரப்பர்க் குழாயில் பலவீனமான இடம் உப்பிக் கொள்வதைப் போல, ரத்தக் குழாயின் சுவர் அங்கங்கே குமிழாகப் புடைத்திருக்கிறது. அடுத்தபடி குமிழ் உடைந்து ரத்தத் துளிகள் படிகின்றன. ரத்தத்தின் கொழுப்புப் பொருள் கசிந்து மஞ்சள் திட்டுகளாக உறைகிறது. சில இடங்களுக்கு ரத்த ஓட்டம் நின்று விடவே, அங்கே பஞ்சுத் துணுக்குப் போல் வெளுத்துத் தெரிகிறது.

ரத்தம் கிடைக்காத விழித்திரை சும்மா இருப்பதில்லை. பஞ்ச காலத்தில் கண்ட இடமெல்லாம் ஊற்றுத் தோண்டுகிற ஜனங்களைப் போல, அது புதிய குழாய்களை முளைக்கச் செய்கிறது. இந்தப் புதிய குழாய்கள் சுத்த உபயோகமற்றவை. ஒருநாள் பட்டென்று உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. அல்லது சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கின்றன. அன்றைக்குத்தான் நோயாளி, "ஐயோ, கண் தெரியவில்லையே!" என்று அலறிப் புடைத்துக் கொண்டு வைத்தியரிடம் ஓடுகிறார். ஏரி உடைந்த பிறகு மண்வெட்டியைத் தேடுகிற கதைதான்.

தோலைக் கிழிக்காமல் ரத்தக் குழாய்களை நேருக்கு நேர் பார்க்கக் கூடிய இடம் உடம்பில் கண் ஒன்றுதான். இந்தச் சாளரத்தைத் திறந்து காட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி. 1851ஆம் ஆண்டில் அவர் கண்ணுக்குள் வெளிச்சம் செலுத்திப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். அடுத்த சில வருஷங்களிலேயே நீரிழிவுக்காரரின் விழித்திரையில் காணும் மாறுதல்களை வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள். பிற்பாடு விழித்திரையைப் புகைப்படமாகவே எடுக்கும் காமிராக்கள் வந்தன. 1961இல் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் படம் பிடிக்கும் முறை வந்தது. 1991இல் ஒளியைக் கொண்டே விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தது போல் காட்டும் யந்திரம் பிறந்தது.

பார்த்து என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பலத்த பிரயோஜனம் உண்டு. லேசர் ஒளியால் விழித்திரையின் ஓரங்களைச் சுட்டுவிட்டால் கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனை 1976ஆம் ஆண்டிலேயே மெய்ப்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினால் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் இப்போது இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தியே பல கண்களைக் காப்பாற்றலாம். இளம் வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் நீரிழிவுக்காரர்களில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் கோளாறு உண்டாவது 100க்கு 76 பங்கு குறைந்தது என்று 1993இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆனால் ஒன்று: போன பார்வையைத் திருப்பிக் கொடுப்பதில் இந்தச் சிகிச்சைகளுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. இருப்பதைக் காப்பதில்தான் அவை சூரர்கள்.

* * *

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே பிரயாணம் செய்தால் மாமல்லபுரம் வருகிறது. உளிச் சத்தம் இன்னும் ஓயாத ஊர். விக்கிரகத்தின் மற்ற அங்கங்களையெல்லாம் செதுக்கி முடித்துக் கடைசியில் நல்ல முகூர்த்தம் பார்த்துக் கண் திறப்பது சிற்பிகளின் சம்பிரதாயம். கல்லின் கண்ணுக்கு இவ்வளவு மரியாதை! அதைத் தாண்டினால் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் கல்பாக்கம். அப்பால் பாலாற்றின் முகத்துவாரம். செய்யூர்ப் பக்கத்து உப்பளங்கள். கடற்கரையை விட்டு மேற்கே உள்நாட்டுக்குள் திரும்பினால் சூணாம்பேடு என்னும் கிராமம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மறுபடியும் தனி ஜில்லா ஆகும் வரையில் இது காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

இந்தச் சூணாம்பேட்டின் பெயர் உலகத்து வைத்தியப் பத்திரிகைகளில் ஏறியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு வாக்கில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், டாக்டர் வி. மோகன் அவர்களின் தலைமையில், இங்கே ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். டாக்டர் மோகனுடைய தகப்பனார் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948லேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு ஏற்படுத்தியவர். தந்தை பட்டணத்து ஆஸ்பத்திரியில் தொடங்கிய வேலையை மகன் கிராமத்து வாசலுக்குக் கொண்டு போனார் என்று சொல்லலாம்.

சூணாம்பேட்டையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 42 கிராமங்கள். பரிசோதனைக் கருவிகள் எல்லாம் அடங்கிய ஒரு பெரிய மோட்டார் வண்டி ஊர் ஊராகச் சென்றது. விழித்திரைக் காமிரா, இருதய மின்பதிவுக் கருவி, காலின் ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி, பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும் கருவி எல்லாம் அதிலேயே இருந்தன. வண்டியின் சிறப்பு அம்மட்டில் நிற்கவில்லை. எடுத்த படங்களை உடனுக்குடன் சென்னைக்கு அனுப்ப இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் தங்கள் செயற்கைக் கோளின் தொடர்பை இலவசமாகக் கொடுத்தார்கள். உலக நீரிழிவு நிறுவனம் பொருளுதவி செய்தது. சூணாம்பேட்டில் சிகிச்சைக்கென ஒரு நிலையமும் ஏற்பட்டது.

இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் ஒரு வண்டி நிற்கிறது. களத்து மேட்டிலிருந்து வந்த ஒரு பாட்டி மோவாயை யந்திரத்தின் மேல் வைத்துக் கொண்டு உட்காருகிறாள். பளிச்சென்று ஒரு வெளிச்சம். அவளுடைய விழித்திரையின் பிம்பம் ஆகாயத்திலே சுற்றும் கோளுக்குப் போய்ச் சென்னையில் இறங்குகிறது. அங்கே கண் வைத்தியர் பார்த்துப் பதில் சொல்கிறார். நமது தேசத்தார் விட்ட கோள், நமது கிராமத்துக் கிழவியின் கண்ணுக்கு ஊழியம் செய்கிறது. சுதந்திரம் அடைந்ததின் பலன் என்ன என்று சலித்துக் கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது துர்லபம்.

* * *

இனி கணக்கைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. 42 கிராமங்களிலும் 20 வயதுக்கு மேற்பட்டவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,449 பேரைப் பரிசோதித்தார்கள். 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. 3,410 பேர் நீரிழிவின் வாசற்படியில் இருந்தார்கள்.

நீரிழிவு உள்ளவர்களில் 1,001 பேர் வண்டியில் ஏறி உறுப்புச் சேதத்துக்கான சோதனைகளைச் செய்து கொண்டார்கள். 100க்கு 18 பேருக்கு விழித்திரை கெடத் தொடங்கியிருந்தது. 100க்கு 31 பேருக்கு நரம்புகளின் உணர்ச்சி குன்றியிருந்தது. 100க்கு 24 பேருக்குச் சிறுநீரில் சிறிதளவு புரதம் கசிந்தது. அதாவது சிறுநீரகத்தின் கரையிலும் ஈரம் காண ஆரம்பித்திருந்தது. 100க்கு 7 பேருக்குக் காலில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. 100க்கு 11 பேருக்கு இருதய ரத்தக் குழாய்களில் கோளாறு.

நல்ல செய்தியும் உண்டு. ஒரே வருஷத்தில் அந்தச் சமூகத்து நீரிழிவுக்காரர்களின் சராசரிச் சர்க்கரை அளவு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில், 9.3லிருந்து 8.5ஆக இறங்கிற்று. சென்னைக்குச் சென்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டி வந்தவர்கள் 100க்கு 5 பேருக்கும் குறைவு. மற்ற 95 பேரின் வைத்தியத்தையும் கிராமத்திலேயே நடத்த முடிந்தது. பட்டணத்துக்குப் போய் வரும் பஸ் செலவும், ஒரு நாள் கூலி நஷ்டமும், துணைக்கு வரும் மகனுடைய கூலி நஷ்டமும் எவ்வளவு மிச்சம் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்கள் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

* * *

எல்லா உறுப்பையும் படம் பிடித்தே கண்டுபிடித்து விடலாம் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. பெரிய யந்திரத்தில் பெரிய கட்டணம் செலுத்திப் படம் எடுத்தால்தான் நல்ல வைத்தியம் என்ற மோகம் நம் மத்தியதர வகுப்பாரிடம் பரவி வருகிறது. சிறுநீரகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நீரிழிவால் கெடத் தொடங்கிய சிறுநீரகம் ஒலியலைப் படத்தில் வெகு காலம் வரை சாதாரணமாகவே தோன்றும். சில சமயம் சற்றுப் பெருத்தும் தோன்றும். சிறுத்துச் சுருங்கிய படம் வருகிற போது காரியம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஒரு சிறு குப்பியில் பிடித்த சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் மலிவான சோதனை, படத்துக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடும். ஆகவே கண்ணுக்குப் படம், சிறுநீரகத்துக்குக் குப்பி. ஈரலில் கொழுப்புப் படிந்து இறுகியிருக்கிறதா என்று அறிய அதற்கென்று ஒலியலைக் கருவி உண்டு. அதையும் வைத்தியர் சொன்னால் செய்து கொள்ளலாம்.

பாதத்துக்கு வேண்டியதோ அதைவிட எளிது. இங்கே செங்கற்பட்டின் இன்னொரு சரித்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்று பிரசித்தமாயிருந்தது. 1955இல் மத்திய சர்க்கார் அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1947ஆம் ஆண்டில், டாக்டர் காக்ரேன் அங்கே தலைவராக இருந்தபோது, வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்னும் இளம் அறுவை வைத்தியர் வந்து பார்த்தார். அங்கே கண்ட கைகளும் கால்களும் அவருடைய வாழ்க்கையின் போக்கையே மாற்றின. தொழுநோயாளியின் கை கால்களில் உண்டாகும் சேதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வலி தெரியாமையே என்று அவர் ஆராய்ந்து காட்டினார். முள் குத்தினால் தெரியாது. செருப்புக் கடித்தால் தெரியாது. தெரியாததால் புண் ஆழமாகிறது. பிற்காலத்தில் அவர் அமெரிக்காவுக்குச் சென்றபோது அந்தப் பாடமே நீரிழிவுக்காரரின் பாதங்களைக் காப்பாற்றவும் பயன்பட்டது. தமிழ் நாட்டில் ஏழை நோயாளிகளின் கால்களிலிருந்து கற்ற பாடம் உலகம் முழுவதற்கும் ஆயிற்று! நீரிழிவு உள்ளவர் தினம் இரவில் தம் உள்ளங்கால்களைப் பார்த்துக் கொள்ள வேண்டும். குனிய முடியாதவருக்குப் பேரனோ பேத்தியோ பார்த்துச் சொல்லட்டும்.

* * *

சூணாம்பேட்டுக் கணக்கில் நம் மனத்தை விட்டு அகலாத எண் ஒன்று இருக்கிறது. 1,138 பேருக்கு நீரிழிவு. சோதனைக்கு வந்தவர்கள் 1,001 பேர். கழித்துப் பாருங்கள்: 137.

இந்த 137 பேருக்குத் தங்களுக்கு வியாதி இருப்பது தெரியும். சோதனை வேண்டுமென்று பட்டணத்துக்குப் போகவேண்டியதில்லை. வண்டி ஊருக்கே வந்தது. அப்படியும் அவர்கள் வரவில்லை. இத்தகைய முயற்சிகள் பலவற்றில் வராதவர்களின் தொகை இதைவிட அதிகமாகவே இருந்திருக்கிறது. 100க்கு 88 பேர் வந்தது மெச்சத் தக்கதே. ஆனாலும் கரையின் எந்த இடத்தை நீர்க்கட்டி பார்க்கவில்லையோ அந்த இடத்தைப் பற்றித்தானே கவலை?

ஒருவர் வராமலிருப்பதற்கான காரணங்கள் நம் வீடுகளிலேயே கிடைக்கும். "எனக்குக் கண் நன்றாய்த் தெரிகிறதே! ஊசியில் நூல் கோக்கிறேனே!" என்பது முதல் காரணம். "கண்ணில் மருந்து விட்டால் நாலு மணி நேரம் மங்கலாயிருக்கும், அன்றைக்கு வேலை கெட்டுப் போகும்" என்பது இரண்டாவது. "பெண்ணின் கல்யாணம் முடியட்டும்" என்பது மூன்றாவது. "ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?" என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத நாலாவது காரணம். இந்தக் காரணங்களைச் சொல்கிறவர்கள் சோம்பேறிகளும் அல்ல, முட்டாள்களும் அல்ல. குடும்பத்தின் பாரத்தைத் தலையில் சுமந்து கொண்டு, தம்முடைய முறையைக் கடைசிக்குத் தள்ளி வைத்துக் கொள்கிறவர்கள். வீட்டிலே எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காரும் ஸ்திரீகள் வைத்தியத்திலும் அதே வழக்கத்தை அநுசரிக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பார்வை நன்றாக இருக்கும் போதே படம் எடுத்துக் கொள்ள வேண்டும். பார்வை நன்றாக இருப்பது சோதனை வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. சோதனையால் முழுப் பயனும் கிடைக்கக் கூடிய வேளை இதுவே என்பதற்கு அறிகுறி.

* * *

யந்திரங்கள் இப்போது இன்னும் சிறியவை ஆகியிருக்கின்றன. பெங்களூரிலுள்ள ரெமிடியோ கம்பெனியார் கைபேசியோடு இணைத்து விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவியைச் செய்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று சொல்லச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. டாக்டர் மோகனுடைய ஆஸ்பத்திரியில் 296 நோயாளிகளின் படங்களைக் கொண்டு கண் வைத்தியர்களுக்கும் யந்திரத்துக்கும் நடந்த போட்டியின் முடிவு 2018இல் வெளியாயிற்று. பார்வைக்கு அபாயம் விளைக்கும் நிலையில் இருந்த கண்களில் 100க்கு 99ஐ யந்திரம் சரியாகக் கண்டுபிடித்தது. ஆனால் அந்த அபாயம் இல்லாதவர்களிலும் 100க்கு 20 பேரை, "எதற்கும் வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டது. கொஞ்சம் பயந்த சுபாவமுள்ள காவல்காரன்! காவல்காரன் தூங்கி வழிவதைவிட அநாவசியமாகக் குரல் கொடுப்பது மேல் அல்லவா? மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் சென்னை சங்கர நேத்ராலயாவும் கூட இவ்வித ஆராய்ச்சிகளில் பங்கு கொண்டிருக்கின்றன.

எனினும் யந்திரம் படம் பார்க்கும்; லேசர் சிகிச்சை செய்யாது. படத்தில் புள்ளி கண்டவரைக் கண் வைத்தியரிடம் சேர்ப்பிக்கவும், மறு வருஷம் ஞாபகமாகக் கூப்பிடவும், பயப்படுகிறவருக்குத் தைரியம் சொல்லவும் மனிதர்கள் வேண்டும். சூணாம்பேட்டில் வெற்றி கிடைத்ததற்கு வண்டி பாதிக் காரணம் என்றால், வீடு வீடாகச் சென்று ஜனங்களை அழைத்தவர்கள் மறுபாதி.

இங்கிலாந்து தேசத்தைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டு முதல் அங்கே நீரிழிவுக்காரர்களுக்கெல்லாம் முறைப்படி விழித்திரைப் படம் எடுக்கும் தேசியத் திட்டத்தை நடத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஐம்பது வருஷ காலமாக, வேலை செய்யும் வயதினரின் குருட்டுத்தனத்துக்கு முதல் காரணமாக நீரிழிவே இருந்து வந்தது. 2010ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த கணக்கில் அது முதலிடத்தை இழந்துவிட்டது. திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதிலும் அபிவிருத்தி ஏற்பட்டிருக்கிறது. ஆனால் திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதே நிபுணர்களின் அபிப்பிராயம். நம்மை ஆண்டவர்கள் தங்கள் ஜனங்களுக்குச் செய்து கொண்டதை, நம்மை நாமே ஆளும்போது நம் ஜனங்களுக்கு நாம் செய்து கொள்ள முடியாதா?

தமிழ் நாட்டுச் சர்க்கார் 2021ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மிக நல்ல ஏற்பாடு. மாத்திரை வரும் வழியிலேயே படக்கருவியும் வந்தால் என்ன? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வருஷத்துக்குச் சில தினங்களாவது விழித்திரைக் காமிரா இருக்க வேண்டும் என்பது அதிகப்படியான ஆசை அல்ல. ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பணம் தீர்ந்தவுடன் நின்று போகும் காரியமாக இது இருக்கக் கூடாது. ஏரிக் கரையை ஒரு வருஷம் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் விட்டுவிட்டால் போதுமா?

சர்க்கார் செய்ய வேண்டியது அப்படி. வீட்டிலே நாம் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். நடுத்தர வயதில் வரும் நீரிழிவாயின், வியாதி தெரிந்த அன்றே ஒரு தடவை கண் படம் எடுக்க வேண்டும். பிறகு வருஷம் ஒரு முறை. சிறுவயதில் இன்சுலின் போட்டுக் கொள்ளத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம். நீரிழிவுள்ள பெண் கர்ப்பவதியானால் முதல் மாதங்களிலேயே பார்த்துவிட வேண்டும். கண்ணோடு சிறுநீர்ச் சோதனையும் பாதச் சோதனையும் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கட்டும். தேதி மறந்து போகும் என்றால், தாயார் தகப்பனாருடைய பிறந்த நட்சத்திரத்தை அடுத்த வாரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கோயிலில் அர்ச்சனை முடிந்ததும் கண் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட வேண்டியதுதான். கண்ணில் மருந்து விடுவார்களாகையால் துணைக்கு ஒருவர் போவது அவசியம். திரும்பும்போது நோயாளி மோட்டார் ஓட்டக் கூடாது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில், நீரிழிவு இருந்தும் இதுவரை விழித்திரையைப் படம் எடுத்துக் கொள்ளாத ஒருவராவது பல வீடுகளில் இருப்பார் என்பது நம்முடைய ஊகம். அவரும் இந்த 137 பேரைச் சேர்ந்தவரே. அவர் படிக்கும் அறையிலோ அடுப்பங்கரையிலோ இப்போது இருப்பார். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சிரமமின்றிப் படித்துவிட்டால் மிகவும் சந்தோஷம். உடனே போய்த் தேதி கேட்டு வாருங்கள்.